கப்பல் தச்சனின் உடை

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நானும் என் கணவரும் மலாக்காவின் தெங்கேரா பகுதியில் ஒரு பழைய கடைவீட்டின் கீழ்த்தளத்தில் வாடகைக்கு இருந்தோம். முன்னறையில் என் தையல் மெஷினும் துணி வெட்டும் மேசையும். பின்னால் படுக்கையறை, அதற்கும் பின்னால் சமையல்கட்டு. பள்ளிச் சீருடை, ரவிக்கை, மாதா கோயில் கல்யாணங்களுக்கு வெள்ளை கவுன், இவற்றைத் தைத்துக்கொண்டிருந்தேன். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அதைப் பற்றி ஊரார்தான் அதிகம் பேசினார்கள். நாங்கள் பேசி முடித்துவிட்டிருந்தோம்.

என் கணவர் செலண்டார் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவர். அப்போது சுங்கை ஊடாங்கில் எண்ணெய் ஆலை கட்டிக்கொண்டிருந்தார்கள். அங்கே ஒரு குத்தகைக்காரரிடம் சாரம் கட்டும் வேலை பார்த்தார். இரும்புக் குழாய்களைச் சுமந்து சுமந்து அவருடைய வலது தோள் இடது தோளைவிடச் சற்று இறங்கியிருக்கும். அகன்ற மார்பு, கட்டையான கழுத்து. கடையில் வாங்கும் சட்டை எதுவும் அவருக்குச் சரியாக உட்காராது. நான்தான் தைத்துக் கொடுப்பேன்.

ஒரு கல்யாணத்தில் நான் தைத்த கவுனைப் பார்த்துவிட்டு ஒரு மலாய்க்காரப் பெண்மணி என்னைத் தேடி வந்தார். எல்லோரும் அழைப்பதைப் போல நானும் அவரைப் புவான், அதாவது அம்மையார், என்றே அழைத்தேன். மலாக்கா ஆற்றோரத்தில் பழைய கிடங்கு ஒன்றைச் சிறிய காட்சியகமாக மாற்றிக்கொண்டிருந்தார்கள். அந்த வேலை அவர் பொறுப்பில் இருந்தது. ஐரோப்பாவின் கப்பல்கள் இந்தப் பக்கம் வருவதற்கு முந்தைய தலைமுறையில், அங்கே துறைமுகங்களில் மனிதர்கள் எப்படி இருந்தார்கள் என்று காட்டச் சில உருவங்கள் வைக்கப்போகிறார்களாம். வணிகருக்கும் சீமாட்டிக்கும் உடை தைக்கக் கோலாலம்பூரில் ஒரு நாடகக் கடையில் கொடுத்தாயிற்று. கப்பல் தச்சன் ஒருவனுக்கு மட்டும் வேண்டும் என்றார்.

“நாடக உடை மாதிரி வேண்டாம், கக்கா. ஒருவன் அதைப் போட்டுக்கொண்டு உண்மையிலேயே வேலைக்குப் போனது மாதிரி இருக்க வேண்டும்” என்று மலாயில் சொல்லி (கக்கா என்றால் அக்கா), ஒரு கட்டு நகல் தாள்களை மேசையில் வைத்தார்.

எல்லாம் ஐநூறு வருடத்துக்கு முந்தைய ஓவியங்களின் கறுப்பு வெள்ளை நகல்கள். மரம் அறுப்பவர்கள், கல் சுமப்பவர்கள், சிலுவைக்குக் கீழே ஏணி பிடித்து நிற்பவர்கள். இடுப்புவரை இறுக்கமான மேல்சட்டை. அதற்குள்ளே வெள்ளைச் சட்டை. காலுக்கு, பாதம்வரை தோல்போல ஒட்டிய துணி. நான் பார்த்த பைபிள் படங்களில் இருப்பவர்களெல்லாம் போர்வை போர்த்தியவர்கள். இவர்களோ தையல்காரனிடம் அளவு கொடுத்தவர்கள் என்பது பார்த்ததுமே தெரிந்தது.

“உருவப்பொம்மை எப்போ வரும்?” என்று கேட்டேன்.

“தெரியாது. ஆர்டர் போட்டிருக்கிறோம்” என்றார் புவான். அந்த நேரம் என் கணவர் வேலை முடிந்து மோட்டார் சைக்கிளை உள்ளே தள்ளிக்கொண்டு வந்தார். புவான் அவரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு வெட்கத்தோடு சிரித்தார். இவர் உடம்பிலேயே அளவெடுக்கலாம் என்று புவான் நினைப்பது எனக்குப் புரிந்துவிட்டது.

அப்படித்தான் என் கணவர் அந்தத் தச்சன் ஆனார்.

முதலில் உள்சட்டை. அது சுலபம் என்று புவான் கொண்டுவந்த ஒரு புத்தகம் சொல்லிற்று. எல்லாமே சதுரமும் செவ்வகமும்தான். கழுத்துக்கு வளைவுகூட வெட்டுவதில்லை, துணி வீணாகக்கூடாது என்று. கக்கத்தில் ஒரு சிறு சதுரத் துண்டை மூலைவாட்டமாக வைத்துத் தைத்தால் கையைத் தூக்கலாம். கோலாலம்பூருக்குப் போய் லினன் துணி வாங்கிவந்து கையாலேயே தைத்தேன். போட்டுப் பார்த்த அவர் இரண்டு கைகளையும் உயர்த்தி, குழாயை மாட்டுவதுபோல் காட்டினார்.

“இது நல்லாத்தான் இருக்கு. கக்கத்துல இழுக்கவே இல்ல. எனக்கு ரெண்டு தச்சிக் குடு, சைட்டுக்குப் போட்டுக்கிறேன்.”

கால் துணிதான் என்னைப் பாடாய்ப் படுத்தியது. கம்பளியில் வெட்ட வேண்டும். மலாக்கா வெயிலில் கம்பளிக்கு எங்கே போவது? இங்கிலாந்திலிருந்து திரும்பிய ஒரு குடும்பம் கோயில் விற்பனைக்குக் கொடுத்திருந்த பழைய ஓவர்கோட்டுகள் இரண்டை வாங்கிப் பிரித்தேன். அதற்கு முன்னால், பெலாச்சு என்று நாங்கள் சொல்லும் முரட்டுக் கோராத்துணியில் வெட்டிப் பார்த்தேன். முழங்காலில் பை விழுந்தது. கணுக்காலில் சுருங்கி நின்றது. படத்தில் இருப்பவனுக்கோ கெண்டைக்கால் தசைகூடத் தெரிகிறது.

“என்னா மா இது, காலுக்கு ரெண்டு கோணிப் பையா?” என்றார் அவர். “இதப் போட்டுக்கிட்டு ஏறுனா போர்மேன் அப்படியே வீட்டுக்கு அனுப்பிருவான் லா.”

புவான் தன் நண்பர் ஒருவருக்கு எழுதிக் கேட்டு விடையோடு வந்தார். அந்தத் தச்சனின் காலத்தில் பின்னல் துணி பரவலாக வரவில்லை. நெய்த கம்பளியை நேராக வெட்டாமல் கிராஸில், இழைக்கு மூலைவாட்டமாக, வெட்டியிருக்கிறார்கள். ரவிக்கைக் கழுத்துக்குப் பட்டி வைக்க நான் தினமும் கிராஸில் வெட்டுகிறவள். ஒரு முழுக் காலையே அப்படி வெட்டலாம் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. வெட்டி, பின்பக்கம் தையல் வரும்படி அவர் காலிலேயே ஊசி குத்திச் சேர்த்தேன். துணி இழுத்துக்கொடுத்து, விட்டுக்கொடுத்து, காலைப் பிடித்துக்கொண்டது. அவர் முன்னறையில் இங்கும் அங்கும் நடந்தார். வாசலில் போன சீனக் கிழவர் ஒருவர் நின்று பார்த்துவிட்டுத் தலையை ஆட்டிக்கொண்டே போனார். நாங்கள் சிரித்த சிரிப்பில் எனக்கு விக்கல் எடுத்துவிட்டது.

இரண்டு கால் துணிகளையும், முன்மாதிரியாகப் பெலாச்சில் தைத்த மேல்சட்டையின் இடுப்பில் கண் கண்ணாகத் துளைபோட்டு, கயிற்றால் கட்ட வேண்டும். பெல்ட் கிடையாது. எல்லாக் கயிற்றையும் கட்டிவிட்டு அவரைக் குனியச் சொன்னேன். குனிய முடியவில்லை. மரம் அறுக்கிறவன் குனியாமல் எப்படி வேலை செய்வான் என்று எனக்கு ஒரே குழப்பம். அவர் தானாகவே கையைப் பின்னால் கொண்டுபோய் முதுகுப் பக்கக் கயிறுகளை மட்டும் அவிழ்த்துவிட்டுக் குனிந்தார். இடுப்புக்குப் பின்னால் வெள்ளைச் சட்டை பிதுங்கிக்கொண்டு வந்தது. ஓடிப்போய் நகல் தாள்களைப் புரட்டினேன். ஏணி பிடிக்கிற ஒருவனுக்கு அதே இடத்தில் அதே வெள்ளை. அதுவரை அச்சில் விழுந்த கறை என்று நினைத்திருந்தேன்.

“வேல செய்றவன் எல்லாரும் ஒண்ணுதான்” என்றார் அவர்.

அந்த மாதங்கள்தான் எங்கள் வாழ்க்கையில் நல்ல மாதங்கள் என்று இப்போது தோன்றுகிறது.

அந்தப் பெலாச்சு மேல்சட்டையை அவர் உடம்பின்மேலேயே வெட்டியிருந்தேன். அந்தக் காலத்து மேல்சட்டை உடம்பை ஒரு கைபோலப் பிடிக்க வேண்டும். கால் துணியின் பாரமெல்லாம் அதில்தான் தொங்குகிறது. மூச்சை இழுத்தால் முன்பக்கம் மூட முடியாத அளவுக்கு இறுக்கி, வலது தோளைக் கொஞ்சம் இறக்கி, ஊசி குத்தி, பிறகு தைத்திருந்தேன். அதை வைத்துக் கம்பளியில் வெட்டினேன். சில வாரம் கழித்துப் போட்டுப் பார்த்தபோது மார்பில் தொளதொளவென்று இருந்தது. பழைய கம்பளி, இழுபட்டிருக்கும் என்று நினைத்துப் பக்கத்தையலைப் பிடித்தேன். அடுத்த முறையும் அப்படியே. புவானிடம் சொன்னேன். அவர் புத்தகத்தைப் பார்த்துவிட்டு, உள்ளே முரட்டு லினன் கொடுத்தால்தான் கம்பளி நிற்கும் என்றார். பிரித்து, லினன் வைத்து மறுபடி தைத்தேன். மறுபடியும் தொளதொளப்பு. கால் துணிகூட இடுப்பில் இறங்கியது.

கோயிலுக்குப் போய்வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். என் வெட்டு எங்கேதான் தப்பு என்று பார்த்துவிடலாம் என்று, முதலில் தைத்த பெலாச்சுச் சட்டையைத் தேடி எடுத்து அவருக்கு மாட்டினேன். மூச்சு விட முடியாமல் இருந்த சட்டை. இப்போது என் உள்ளங்கையை உள்ளே விட்டால் புரட்ட முடிந்தது. கம்பளி இழுபடும். பெலாச்சு இழுபடாது.

நான் டேப்பை எடுக்கவில்லை. எடுக்கத் தேவையில்லை. அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“என்னங்க, சாப்பாடு எறங்கலையா?”

“கொஞ்ச நாளாவே எறங்கல மா. தின்னா மேல வந்து நிக்குது.”

“எப்பருந்து?”

“அந்த கால் துணி வெட்டுனியே, அப்பருந்து.”

“ஏன் சொல்லல?”

“வயித்துல காத்துன்னு நெனச்சேன். நீயும் சந்தோஷமா தச்சிக்கிட்டு இருந்த.”

அவர் கையை உயர்த்தியபடியே நின்றார், நான் இன்னும் அளவெடுக்கிறேன் என்று நினைத்தவர்போல. நான்தான் அவர் கைகளைப் பிடித்துக் கீழே இறக்கினேன்.

பெரிய ஆஸ்பத்திரியில் டியூப் விட்டுப் பார்த்தார்கள், படம் எடுத்தார்கள். இளம் டாக்டர் ஒருவர், தமிழ்ப் பையன்தான், எங்கள் இருவரையும் உட்காரவைத்துப் பேசினார். இரைப்பையில் கட்டி. ஈரலுக்கும் போய்விட்டது. அறுப்பதால் பலன் இல்லை. அவர் சொல்லி முடித்ததும் என் கணவர், “டாக்டர், இன்னும் கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா?” என்று கேட்டார். “அப்பவும் கஷ்டந்தான் அண்ணே” என்றார் டாக்டர். அது உண்மையா, எங்களுக்காகச் சொன்னதா என்று நான் இதுவரை யாரிடமும் கேட்கவில்லை.

புவானுக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னேன். மறுநாளே பழங்களோடு வந்தார். தைக்க வேண்டாம், துணியெல்லாம் அப்படியே இருக்கட்டும், வேறு யாரிடமாவது கொடுத்துக்கொள்கிறேன் என்றார். என் கணவர் சாய்வு நாற்காலியில் இருந்தபடி மலாயில் பதில் சொன்னார்: “வேண்டாம், புவான். அவளே முடிக்கட்டும். எனக்கும் பொழுது போக வேண்டும்.”

பொழுதுபோக்குவதற்கு அவருக்கு ஒரு வேலையும் கிடைத்தது. உடுப்பைக் கட்டும் கயிறுகளை அந்தக் காலத்தில் விரல்களில் நூல் வளையங்களை மாட்டி மாற்றி மாற்றிப் பின்னியிருக்கிறார்கள். அந்த முறையைக் காட்டும் படங்களைப் புவான் கொண்டுவந்து கொடுத்தார். எனக்கு அது கைவரவில்லை. அவர் இரண்டு நாள் முறைத்துப் பார்த்துவிட்டுப் பிடித்துக்கொண்டார். நூலின் மறுமுனையை மெஷின் காலில் கட்டிவிட்டு நாற்காலியில் சாய்ந்தபடி பின்னுவார். கயிறும் குழாயும் பிடித்துத் தடித்த விரல்கள். அந்த விரல்களிலிருந்து மெல்லிய நீலக் கயிறு ஒரே சீராக வந்தது. வலி வரும்போது நிறுத்துவார். வளையங்களை விரலிலிருந்து கழற்றமாட்டார். கண்ணை மூடிக்கொண்டு அப்படியே இருப்பார். வலி போனதும் விட்ட இடத்திலிருந்து தொடர்வார்.

ஒரு நாள் கேட்டார், “இந்தத் தச்சனுக்குப் பொண்டாட்டி இருந்திருப்பாளா?”

“இருந்திருப்பா.”

“இவன் கப்பல்ல போய்ட்டா அவ என்னா செய்வா?”

“அவளுக்கும் ஏதாச்சும் வேல இருக்கும்.”

“தையலா?”

“தெரியல. மீன் விப்பாளோ என்னமோ.”

“தையலாவே இருக்கட்டும்” என்றார்.

நான் கண் துளைகளைச் சுற்றி நூல் ஓட்டிக்கொண்டிருந்தேன். நிமிரவில்லை. நிமிர்ந்தால் இருவருமே அழுதுவிடுவோம் என்று தெரியும்.

மேல்சட்டையை எந்த அளவில் முடிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. பக்கத்தையலைப் பிடித்துப் பிடித்து அது சின்னதாகிவிட்டிருந்தது. இப்போது அதுவும் அவருக்குப் பெரிது. ஒரு காலையில் தயங்கித் தயங்கிக் கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை.

“எல்லாத்தையும் பிரி. மொத அளவுலயே தை. இந்த உடம்பு அளவு யாருக்கும் வேணாம்.”

பிரித்தேன். பிடித்த தையல்களின் தடம் கம்பளியில் கோடு கோடாக இருந்தது. நீராவி காட்டித் தேய்த்தேன். நல்ல வேளையாகத் தையலுக்கு உள்ளே மடங்கும் ஓரத்துணியை நான் வெட்டியிருக்கவில்லை. பெலாச்சுச் சட்டையை மேசையில் விரித்து, அதன்மேல் வைத்து, முதல் நாள் அளவுக்குக் கொண்டுவந்தேன். அதை அவருக்குப் போட்டுப் பார்க்கவில்லை. அவரும் கேட்கவில்லை. மடியில் வைத்துத் தடவிப் பார்த்தார். கழுத்து ஓரத்தை விரலால் மடக்கிப் பார்த்து, “நல்லா உட்காந்திருக்கு” என்றார்.

மழைக்காலத்தில் ஒரு காலை அவர் போய்விட்டார். வீட்டில்தான். நான் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தேன். என்னை அழைக்கவில்லை. ஏதோ சத்தம் கேட்டதுபோல இருந்து உள்ளே போனபோது மூச்சு இல்லை.

எங்கள் கல்யாணத்துக்கு நான் தைத்த கோட்டைத்தான் அவருக்குப் போட்டார்கள். அது அவர்மேல் மிதந்தது. சவப்பெட்டிக்காரரின் ஆட்கள் பழக்கமானவர்கள். முதுகுப்பக்கம் துணியைச் சேர்த்துப் பிடித்துப் பெரிய ஊசிகளால் குத்தினார்கள். என்னைப் பார்த்துவிட்டு ஒருவர் மெதுவாக, “பெட்டியில படுத்தா முதுகு தெரியாது மா” என்றார். நான் தலையாட்டினேன். வேறென்ன செய்வது? ஊசியைக் கையில் எடுக்கும் தெம்பு அன்று எனக்கு இல்லை.

சில மாதம் கழித்துப் புவான் வந்தார். உருவப்பொம்மை வந்துவிட்டதாம். நானும் போனேன். கிடங்கில் சுவர்ச்சாய வாசனை. கடைக்கண்ணாடிக்குள் கோட்டு மாட்டி நிறுத்துவார்களே, அதே பொம்மைதான். ஒல்லி, நேரான தோள், ரோஜா நிற முகம். உள்சட்டையும் கால் துணியும் மேல்சட்டையும் போட்டுப் பார்த்தோம். மேல்சட்டை தொங்கியது. நாற்காலியில் சாய்ந்திருந்த என் கணவரேதான் எனக்கு நினைவு வந்தார்.

புவானால் என் முகத்தைப் பார்க்க முடியவில்லை. “கக்கா, பின்னால் ஊசி குத்திவிடலாம். கண்ணாடிக்கு உள்ளேதானே இருக்கப்போகிறது. முதுகு யாருக்கும் தெரியாது” என்றார்.

“வேண்டாம்” என்றேன். எனக்கே அதிர்ச்சியாக இருக்கும்படி அந்தச் சொல் உரக்க வந்துவிட்டது. பிறகு தணிந்து, “பொம்மையை என் வீட்டுக்கு அனுப்புங்கள்” என்றேன்.

அனுப்பினார்கள். முன்னறையில் அதை நிறுத்திவைத்து, பெலாச்சுச் சட்டையை அதற்கு மாட்டினேன். அதுதான் தோல். தோலுக்கும் பொம்மைக்கும் நடுவே பஞ்சை அடைத்தேன். இலவம்பஞ்சு நகர்ந்துவிடும், எனவே தாள் தாளாக வரும் பஞ்சை வாங்கிச் சுற்றிச் சுற்றித் தைத்தேன். மார்பு நிறைய வேண்டும், ஆனால் வீங்கியதுபோல இருக்கக்கூடாது. கழுத்துக்குக் கீழே, தோள்பட்டைக்குப் பின்னால், முதுகின் நடுப்பள்ளம் என்று ஒவ்வொரு இடத்தையும் என் கை தானாகவே அறிந்திருந்தது. கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்ப்பேன். சரியில்லை என்றால் பிரிப்பேன். புவான் அலுவலகம் முடிந்து வந்து பஞ்சைக் கிழித்துக் கொடுப்பார்.

முடியும் தறுவாயில் அவர் எழுந்து தள்ளிநின்று பார்த்தார். “கக்கா, வலது தோள் இறங்கியிருக்கிறது. சரிசெய்ய வேண்டாமா?”

“அது அப்படித்தான்” என்றேன்.

புவான் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, என் முழங்காலின்மேல் கையை வைத்தார். வெளியே பஸ் ஒன்று நின்று கிளம்பிப் போனது.

காட்சியகம் திறந்தது. பெரிய மனிதர்கள் வந்தார்கள். வணிகனின் தங்கச் சரிகையையும் சீமாட்டியின் கூம்புத் தொப்பியையும் படம் எடுத்தார்கள். தச்சன் ஒரு மூலையில், கையில் இழைப்புளியோடு, முதுகுக் கயிறுகள் அவிழ்ந்தபடி சற்றே முன்சாய்ந்து நின்றான். அப்படி நிற்கவைக்கச் சொன்னவர் புவான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என் கணவரோடு வேலை செய்தவர்கள் இரண்டு பேரைக் கூட்டிப்போய்க் காட்டினேன். கயிறு பின்னியது அவர் என்று மட்டும் சொன்னேன். வேறு எதுவும் சொல்லவில்லை. ஒருவர் கயிறுகளைப் பார்த்து ஆச்சரியப்பட்டார். மற்றவர் கண்ணாடிக்குப் பக்கவாட்டில் போய், தச்சனின் முகம் தெரியாத இடத்தில் நின்றார். அங்கேயே வெகுநேரம் நின்றார்.

“அக்கா, நம்ப அண்ணன் பைப்ப எறக்கி வச்சிட்டு நிக்கிற மாதிரியே இருக்கு.”

நான் “ஆமா” என்றேன். அதற்குமேல் என்னால் அங்கே நிற்க முடியவில்லை. வெளியே வந்து ஆற்றைப் பார்த்தபடி உட்கார்ந்தேன். அடக்கத்தன்று அழாததையெல்லாம் அங்கே அழுதேன். அவர்கள் இரண்டு பேரும் சற்றுத் தள்ளி, காப்பி ஊற்றிக் கட்டிய பிளாஸ்டிக் பைகளைப் பிடித்துக்கொண்டு, என்னை அவசரப்படுத்தாமல் காத்திருந்தார்கள்.

பிறகு எத்தனையோ முறை போனேன். பார்த்துவிட்டு வந்துவிடுவேன். புவானுக்கு வேறு மாநிலத்துக்கு மாற்றல் வந்தது. போகும்போது என்னைக் கட்டிக்கொண்டு விடைபெற்றார். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் கிடங்கை வேறு எதற்கோ எடுத்துக்கொண்டார்கள். தெரியாமல் போய் நின்றேன். தச்சன் இருந்த மூலையில் குளிர்பான எந்திரம் இருந்தது. கவுண்டரில் இருந்த பெண்ணிடம் விசாரித்தேன்.

“பழைய பொருளா, ஆன்ட்டி? எல்லாம் ஸ்டோருக்குப் போயிருச்சி. எந்த ஸ்டோர்னு எனக்குத் தெரியல லா.”

அவளுக்குத் தெரிய நியாயமில்லை. நன்றி சொல்லிவிட்டு பஸ் ஏறி வந்துவிட்டேன்.

அந்த உடை எங்கே இருக்கிறதென்று இன்றுவரை தெரியாது. பொம்மையோடு சேர்த்து வைத்தார்களா, கழற்றிப் பெட்டியில் போட்டார்களா என்பதும் தெரியாது. லினனுக்கு ஒன்றும் ஆகாது. கம்பளிதான் எனக்குக் கவலை. நம் ஊர் ஈரத்தில் கம்பளிக்குப் பூச்சி வைக்கும். வருடத்துக்கு ஒரு முறையாவது வெயிலில் உதறிப் போட வேண்டும். அது அங்கே யாருக்குத் தெரியும்?